மண் நெடி குறைந்த பச்சௌலியைத் தேடி

பச்சௌலி என்ற செடியின் இலையிலிருந்து வடிக்கும் வாசனை எண்ணெய் எனக்குப் பிடிக்கும். அதில் வரும் கற்பூர நெடியும், பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாற்போல் அடிக்கும் அந்த ஈர வாடையும்தான் ஆகாது. சுத்தமான எண்ணெயை ஒரு துளி தேய்த்தால் முதலில் இவைதான் தூக்கலாக நிற்கும். அவை அடங்கிய பிறகு மரமும் இனிப்புமாக ஒரு வாசம் வரும். அது முதலிலிருந்தே வருகிற சென்ட் எது என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாரும் முதலில் கைகாட்டுவது முக்லரின் ஏஞ்சல், 1992-ல் வந்தது. பஞ்சுமிட்டாய் வாசம் தரும் எத்தில் மால்ட்டாலை அள்ளிப் போட்டு, அதற்கு ஈடுகொடுக்கப் பச்சௌலியையும் தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே கத்துகின்றன. அதைப் போட்டுக்கொண்டு சென்னை வெயிலில் பஸ் ஏற எனக்குத் துணிவில்லை.

ஷனேலின் கோகோ மதுமசேல் (2001) போகும் வழி வேறு. பச்சௌலி எண்ணெயைப் பிரித்து, மண் நெடி தரும் பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சேர்க்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஆரஞ்சும் ரோஜாவும் முன்னால் வந்து நின்றுகொள்வதால் பச்சௌலியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. செர்ஜ் லூட்டன்ஸின் ‘போர்னியோ 1834’ என்ற சென்ட் சர்க்கரை போடாத கோகோ பவுடர் மாதிரி. அருமைதான், ஆனால் இனிப்பு கிடையாது.

கேட்டது கிடைத்தது ஷனேலின் கோரமண்டலில் (2007). சீனத்து அரக்குத் திரைகள் நம் சோழமண்டலக் கரை வழியாக ஐரோப்பா போனதால் அவற்றுக்கு வந்த பெயர் இது. சென்ட்டும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. அடித்ததும் ஆரஞ்சுத் தோல் லேசாகத் தலைகாட்டிவிட்டுப் போகும். அப்புறம் வெள்ளைச் சாக்லேட், அதன் அடியில் சாம்பிராணி, இரண்டையும் பிடித்துக்கொண்டு பச்சௌலி. கற்பூரம் தேடினாலும் இல்லை. மறுநாள் சட்டைக் காலரை முகர்ந்தால் பச்சௌலியும் பாலேடு மாதிரி ஒரு மெல்லிய இனிப்பும் மட்டும் மிச்சம். முழு பாட்டில் வாங்கக் கட்டுப்படியாகாது, பெரிய பாட்டிலிலிருந்து கொஞ்சமாக ஊற்றித் தரும் சின்ன டீகேன்ட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

சரி, வீட்டிலேயே கலந்து பார்ப்போமே என்று இறங்கியிருக்கிறேன். எண்ணெய் வாங்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டும். இரும்புக் கொப்பரையில் வடித்தது கரும்பழுப்பாக இருக்கும், ஸ்டீலில் வடித்தது வெளிர் மஞ்சள். இந்தோனேசியாவிலிருந்து வரும் வெளிர் எண்ணெயைத்தான் எடுத்தேன். பச்சௌலி, பென்சாயின் என்கிற சாம்பிராணிப் பிசின், வெனிலின் மூன்றையும் தனித்தனியே ஆல்கஹாலில் 10 சதவீதமாகக் கரைத்து, 4:3:1 என்று கலந்தேன். வெனிலினைக் கூட்டக் கூட்ட பேக்கரி வாசம்தான் ஏறியது, பச்சௌலியின் முரட்டுத்தனம் அப்படியே இருந்தது. பென்சாயினைக் கூட்டியபோதுதான் கற்பூர முனை மழுங்கியது. அதற்கே கொஞ்சம் வெனிலா வாசம் உண்டு என்பதால் வெனிலினைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

பச்சௌலி எண்ணெய் வைக்க வைக்க மென்மையாகும். அதனால் மிச்ச எண்ணெயை இருட்டான அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்து கிளியர்வுட் வாங்கிப் பார்க்க வேண்டும். சர்க்கரையை நொதிக்க வைத்துச் செய்கிற, பச்சௌலி போலவே மணக்கும் பொருள் அது, மண் நெடி கிடையாது. அதைப் பாதிக்குப் பாதி எண்ணெயோடு கலந்தால் பென்சாயின் இவ்வளவு தேவைப்படாது என்று நினைக்கிறேன்.