முற்போக்குக் காலத்துக்கு ஒரு வில்சன் போதும்

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாறு தாள் எழுதுகிறவர்கள் முற்போக்குக் காலத்தை, அதாவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அரசியல் சீர்திருத்தங்கள் நடந்த காலத்தை, சீர்திருத்தத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். லா ஃபாலெட், ரூஸ்வெல்ட், ஹைரம் ஜான்சன், ஆளுக்கு இரண்டு வரி. கைடுகளும் அப்படித்தான். நான் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சனின் 1910, 1911 ஆண்டுகளை மட்டும் ஊன்றிப் படித்தேன். கட்சி பாஸ்கள், அதாவது வேட்பாளர் முதல் பதவி வரை திரைமறைவில் தீர்மானித்த கட்சிப் பெருந்தலைகள் பற்றி எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அதை வைத்தே எழுத முடிந்தது.

வில்சனை அரசியலுக்கு இழுத்து வந்ததே ஒரு பாஸ்தான். நியூஜெர்சி ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் ஸ்மித், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வில்சனை ஆளுநர் வேட்பாளர் ஆக்கினார். சீர்திருத்த அலை வீசும் நேரம், கறைபடாத முகம் வேண்டும். வாத்தியார்தானே, சொன்னபடி கேட்பார் என்று கணக்கு. கட்சியின் சீர்திருத்தக்காரர்களோ வில்சனை நம்பவில்லை. விடைத்தாளில் இதைச் சொல்பவர்கள் குறைவு.

ஸ்மித்துக்கும் வில்சனுக்கும் உரசல் வந்தது செனட் இடத்தில். அப்போது செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே சொல்லும் முன்தேர்தலில் மக்கள் ஜேம்ஸ் மார்ட்டீனுக்கு வாக்களித்திருந்தார்கள், ஆனால் அது சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நவம்பரில் சட்டமன்றத்தில் கட்சிக்குப் பெரும்பான்மை வந்ததும், ஏற்கெனவே ஒருமுறை செனட்டராக இருந்த ஸ்மித்துக்கு அந்த நாற்காலி மேல் மீண்டும் கண். வில்சன் நேரில் போய் விலகச் சொன்னார், மசியவில்லை. உடனே ஜெர்சி சிட்டி, நியூவார்க் மேடைகளில் பகிரங்கமாகப் போட்டு உடைத்தார். 1911 ஜனவரியில் சட்டமன்றம் மார்ட்டீனைத் தேர்ந்தெடுத்தது.

இந்த இடத்தில் நிதானமாக எழுதுங்கள். ஏற்றிவிட்டவரையே எதிர்த்து ஜெயித்த பிறகுதான் சட்டமன்றத்தில் வில்சனுக்கு மரியாதை கூடியது. அதே கூட்டத்தொடரில் ஜெரான் சட்டம் நிறைவேறி, வேட்பாளர் தேர்வு பாஸ்களின் கையிலிருந்து முன்தேர்தலுக்குப் போனது. தேர்தல் ஊழல் தடுப்பு, பொதுப்பயன்பாட்டு நிறுவனக் கட்டுப்பாடு, தொழிலாளர் இழப்பீடு பற்றிய மற்றச் சட்டங்களை ஒரே வரியில் முடித்துவிடலாம்.

"பாஸ்கள் ஒழிந்தார்கள்" என்று மட்டும் முடிக்காதீர்கள். 1911 நவம்பரில் ஸ்மித்தின் எசெக்ஸ் கவுன்டியில் (மாவட்டம் போன்றது) அவருடைய கட்சி ஆட்கள் தேர்தல் வேலை பார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டார்கள். சட்டமன்றம் குடியரசுக் கட்சிக்குப் போனது. விமர்சனப் பார்வை கேட்டால் இதைக் கட்டாயம் சேருங்கள். செனட்டரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்த 17ஆவது திருத்தம் 1913இல் வந்தது, வில்சன் குடியரசுத் தலைவரான ஆண்டு. மார்ட்டீன் கதையை அதோடு இணைத்தால் அடுத்த பாடத்துக்கும் உதவும்.