வயிற்றுக்குக் கொடுத்த மாத்திரை காலைப் பிடித்தது

அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் என்ட்ரோ வயோஃபார்ம் என்று சொல்லிப் பாருங்கள், "அட, பேதி மாத்திரைதானே?" என்பார்கள். எங்கள் வீட்டு மருந்து டப்பாவிலும் அது இருந்ததாக அம்மா சொல்வார். அதில் இருந்த மருந்தின் பெயர் கிளியோக்வினால். அமீபாவால் வரும் சீதபேதிக்காக 1934-ல் விற்பனைக்கு வந்தது, அப்புறம் சாதாரண வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம் என்று எல்லாவற்றுக்கும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த மருந்து ஜப்பானில் என்ன செய்தது என்பதை நம் ஆட்கள் எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1955 வாக்கில் அங்கே ஒரு புது நோய் தென்பட ஆரம்பித்தது. முதலில் வயிற்று வலி, பேதி. பிறகு பாதத்தில் மதமதப்பு, அது மெல்ல மெல்ல முழங்கால், தொடை, இடுப்பு என்று மேலே ஏறும். சிலருக்குக் கண் பார்வையும் போனது. ஸ்மோன் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் கணக்கெடுத்தபோது பாதிக்கப்பட்டவர்கள் 11,000 பேருக்கு மேல்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கிளியோக்வினாலே வயிற்று வலியை உண்டாக்கும். வலி கூடியதும் நோய் முற்றுகிறது என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டுவார், வலி இன்னும் கூடும், மாத்திரையும் இன்னும் கூடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இப்படியே போயிருக்கிறது. சொன்ன பேச்சைத் தட்டாமல் வேளை தவறாமல் விழுங்கிய நோயாளிதான் அதிகம் கெட்டுப்போனார்.

இது போதாதென்று ஊர் வேறு ஒதுக்கி வைத்தது. ஒரே வீட்டில், ஒரே ஆஸ்பத்திரியில் பலருக்கு வந்ததால் தொற்றுநோய் என்று சந்தேகப்பட்டார்கள். 1970 தொடக்கத்தில் கியோட்டோ ஆய்வாளர் ஒருவர் இதற்கு வைரஸ்தான் காரணம் என்று சொல்ல, பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. காலும் போய், கிட்டே வரவும் ஆளில்லாமல் போனதில் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு.

உண்மை வெளியே வந்தது ஒரு நிறத்தால். நோயாளிகள் சிலரின் நாக்கில் பச்சையாகப் படிந்திருந்தது, மலம் பச்சை, சிலருக்குச் சிறுநீரும் பச்சை. அந்தச் சிறுநீரில் இருந்த பச்சைப் பொருளை டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது, அது இரும்போடு சேர்ந்த கிளியோக்வினால் என்று தெரிந்தது. உடனே நீகாட்டா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் பேராசிரியர் சுபாக்கி தடாவோ நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளைத் தேடிப் பார்த்தார். கால் மரத்துப்போவதற்கு முன்பே பெரும்பாலானோர் இதைச் சாப்பிட்டிருந்தார்கள். 1970 செப்டம்பரில் அரசு விற்பனையை நிறுத்தியது. புதிதாக நோய் வருபவர்கள் மளமளவென்று குறைந்து, சில ஆண்டுகளில் நோயே இல்லாமல் போனது.

ஆனால் முன்பே எச்சரிக்கை வராமல் இல்லை. நரம்புக் கோளாறு வருகிறது என்று 1935-லேயே அர்ஜென்டினாவில் மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். 1960-களில் சுவிட்சர்லாந்தில் இதைச் சாப்பிட்ட நாய்களுக்கு வலிப்பு வந்ததாகக் கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்னதும், விலங்குகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று, மாத்திரையைத் தயாரித்த சிபா நிறுவனம் எச்சரித்தது. மனிதர்களுக்கு விற்பது நிற்கவில்லை. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நோயாளிகள் வழக்குப் போட்டார்கள், 1978-ல் டோக்கியோ நீதிமன்றம் அரசும் நிறுவனங்களும்தான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஸ்வீடன் மருத்துவர் ஓலே ஹான்சன் விடாமல் போராடியதும் சேர்ந்து, மாத்திரையை உலகம் முழுக்க நிறுத்துவதாக 1980-களில்தான் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மருந்தை நிறுத்தியதும் நோய் மேலே ஏறுவது நின்றது, ஏறியது இறங்கவில்லை. பாதத்தின் அடியில் ஏதோ ஒட்டிக்கொண்டே இருப்பது போன்ற உணர்வு, குளிர் பட்டால் கூடும் எரிச்சல், விறைத்த கால்கள், இதையெல்லாம் வைத்துக்கொண்டே அவர்கள் கிழவர்களானார்கள். வயது ஏற ஏற மூட்டுவலி, விழுந்து எலும்பு முறிவது, தனிமை, மனச்சோர்வு எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. ஜப்பானில் இன்னும் வருடா வருடம் இவர்களைப் பரிசோதிக்கிறார்கள், சராசரி வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இளம் டாக்டர்கள் பலருக்கு இந்த நோயின் பெயரே தெரியாது என்பதுதான் அவர்களின் பெரிய மனக்குறை.

சரி, நம் நாட்டில்? நோய் இங்கே அந்த அளவுக்குப் பரவவில்லை, ஆனால் பம்பாயில் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா 1970-களிலேயே இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். குயினியோடோகுளோர் என்று மாத்திரை அட்டையில் பார்த்தால் அதுவும் இதே கிளியோக்வினால்தான். வீட்டில் யாராவது அதை மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வாங்கி நாள்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், அவர்களிடம் பாதம் மரத்துப்போகிறதா, கண் மங்குகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஆமாம் என்றால் அடுத்த மாத்திரையைப் போடவிடாமல், அந்த அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.