அரபு ஸ்ட்ரீட்டில் ஒரு மதுரை ஜவுளிக்காரன்

விளக்குத்தூண் பக்கம் துணி விற்கிறவன் நான். சிங்கப்பூர் அரபு ஸ்ட்ரீட்டில் கொண்டுபோய் விட்டால் கண் எங்கே போகும்? பாத்திக், லேஸ், பட்டு என்று வாசல்வரை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு ஓரத்தைக் கசக்கிப் பார்த்துக்கொண்டே மீட்டர் என்ன விலை என்றேன், கடைக்காரர் தமிழிலேயே சொன்னார். "இங்கயும் வந்து ஏவாரமா? வாங்க மச்சான், அஸர் தொழுகைக்கு நேரமாச்சு" என்று தங்கை மாப்பிள்ளை இழுத்துக்கொண்டு போனார்.

சுல்தான் மசூதி. 1824இல் கட்டிய பழைய பள்ளியின் இடத்தில் 1932இல் கட்டி முடித்தது. தங்க நிறக் குவிமாடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை சுற்றி ஓடுகிறது. நன்றாக அண்ணாந்து பாருங்கள், அத்தனையும் கண்ணாடி பாட்டிலின் அடிப்பாகம்! பணம் கொடுக்க வழியில்லாத ஏழைகளும் பாட்டில் கொடுத்துப் பங்கெடுக்கட்டும் என்று செய்த ஏற்பாடாம். தொழுதுவிட்டு வெளியே வந்தும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரே 1908லிருந்து நடக்கும் ஜம்ஜம் கடை. வீச்சுப் பரோட்டாவுக்குள் கொத்துக்கறியும் முட்டையும் வைத்து மடித்தால் முர்தபாக். சால்னாவில் மட்டும் நம்ம ஊர்தான், விட்டுத்தர மாட்டேன்.

ஹாஜி லேன் சின்னச் சந்து. சுவரெல்லாம் ஓவியம், கீழே கஃபே, பொட்டிக். ஒரு காப்பி விலைக்கு மதுரையில் ரெண்டு பேர் வயிறார டிபன் சாப்பிடலாம். ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏற வந்தவர்கள் ஒரு காலத்தில் தங்கிய வட்டாரம் அது. 1822இல் மலாய்க்காரர், அரபிகள், சுலவேசித் தீவுப் பூகிஸ்காரர்களுக்கென்று, சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸின் நகரத் திட்டத்தில் ஒதுக்கிய கம்போங் கிளாம். 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்ததால் கட்டடங்கள் பிழைத்தன. ஆட்கள்? சுல்தானின் அரண்மனையில் குடியிருந்த வாரிசுகளே 1999க்குப் பிறகு காலி செய்ய வேண்டியதாயிற்று. இப்போது அது மலாய் மரபுடைமை நிலையம். மாடி ஜன்னல்களில் காயப்போட்ட கைலி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

மதுரையில் எங்கள் காஜிமார் தெருவில் அந்தக் குறை கிடையாது. பாண்டிய மன்னர் கொடுத்த நிலம் என்று பெரிய பள்ளிவாசலைச் சொல்வார்கள். அந்தப் பள்ளியை நிறுவிய காஜி தாஜுத்தீன் வழிவந்த குடும்பங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. பைக்கை நுழைக்க இடமிருக்காது, பக்கத்து வீட்டுத் தாளிப்பு நம் மூக்கில் ஏறும்.

போட்டோவெல்லாம் பார்த்துவிட்டு மகன், "அத்தா, நம்ம வீட்டுக் கீழ்ப்போர்ஷனை கஃபே ஆக்கிடலாம்" என்கிறான். ஆக்கட்டும். மாடியை மட்டும் கேட்கக் கூடாது. சுவரில் படம் வரைவதைப் பற்றி அவன் அம்மாவிடமே பேசிக்கொள்ளட்டும்.