ஒரு அணா டிபன்: வண்ணாரப்பேட்டை நாட்குறிப்பு

ஜூலை 3, 2024, புதன்

பேத்தி பையைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். பதினைந்தாம் தேதி காமராஜர் பிறந்த நாள், பள்ளியில் கல்வி வளர்ச்சி நாள். மூன்று நிமிடம் பேச வேண்டும். "எல்லாரும் காமராஜரையே எடுத்துக்கிட்டாங்க தாத்தா. நம்ம ஏரியாக்காரர் யாரையாவது சொல்லு."

யோசிக்கவே இல்லை. தியாகராயர் என்றேன். "மெட்ரோ ஸ்டேஷன் பேரா?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தினமும் அந்தப் பெயரைத் தாண்டித்தான் போகிறாள், ஆளை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. டி. நகரில் உள்ள 'டி'யும் அவர்தான் என்றதும் கண் விரிந்தது.

ஜூலை 5, வெள்ளி

எம்.சி. ரோடு ஜவுளி மொத்தக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் கணக்கு எழுதியவன் நான். அதனால் பிட்டி தியாகராயரைப் படிக்கும்போதும் முதலில் வியாபாரிதான் கண்ணில் படுகிறார். 1852 ஏப்ரல் 27இல் பிறந்தவர். தேவாங்கர் குடும்பம், வீட்டில் தெலுங்கு. 1876இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்துப் பி.ஏ.வுக்கு எந்தச் சர்க்கார் அலுவலகத்திலும் நாற்காலி போட்டுக் கொடுத்திருப்பார்கள். அவரோ குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். தோல் வியாபாரம் ஒருபக்கம், தறி ஒருபக்கம். நூறு கைத்தறிகள் வரை ஓடியிருக்கின்றன. நூறு தறி என்றால் நூல் கடன், கூலி, நிலுவை என்று எத்தனை பேரேடு ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தென்னிந்திய வர்த்தக சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1910 முதல் பத்தாண்டுக்கு மேல் அதன் தலைவர்.

இத்தனைக்கும் நடுவே, 1882இல் சென்னை மாநகராட்சிக்குள் நுழைந்தவர் ஏறக்குறைய நாற்பது வருஷம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். குடிநீர், சாக்கடை, பள்ளிக்கூடம். புகழ் தராத வேலைகள். எனக்கு அவர் மேல் மரியாதை தொடங்குவது இந்த நாற்பது வருஷத்தில்தான்.

ஜூலை 7, ஞாயிறு

ரிப்பன் மாளிகைக்குக் கூட்டிப் போனேன். முன்னால் நிற்கும் சிலையைக் காட்டினேன். 1920இல் மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் இவர் என்றேன். பேத்தி சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சிரிக்கவே மாட்டாரா?" என்று கேட்டாள்.

திரும்பும் வழியில் வெள்ளுடை வேந்தர் கதையைச் சொன்னேன். 1922இல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது, பதவிக்குரிய அலங்கார உடையைப் போடாமல், அனுமதி வாங்கித் தம் வழக்கமான வெள்ளை உடையிலேயே வரவேற்றார் என்பார்கள். இது பேச்சில் கட்டாயம் வரவேண்டும் என்று அடம் பிடித்தாள். சரி, வரட்டும்.

அவளுக்குச் சொல்லாமல் எனக்குள் வைத்துக்கொண்டது இன்னொன்று. அதே 1920இல் நடந்த மாகாண சட்டமன்றத் தேர்தலில் அவர் சேர்ந்து தொடங்கிய நீதிக்கட்சி வென்றது. கவர்னர் வில்லிங்டன் பிரபு அவரைத்தான் முதலமைச்சராக அழைத்தார். வேண்டாம் என்றார். சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார், இவர் மாநகராட்சியிலேயே இருந்துகொண்டார். பதினொரு வயதில் இதன் எடை புரியாது. கூடிய சீக்கிரம் புரியும்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று முழுக்க அந்த ஒரு தீர்மானத்தோடேயே கழிந்தது. 1920. ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளி. வந்து சேர்ந்த பிள்ளைகள் பரம ஏழைகள், வயிறு காய்ந்தால் வகுப்பில் நிற்கமாட்டார்கள். அவர்களுக்கு டிபன் கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல். டிபன் என்ற சொல்லையே போட்டிருக்கிறார்கள். தியாகராயர் தலைமையில் மன்றம் அதை ஏற்றது.

என்னை உலுக்கியது அந்த 'ஒரு அணாவுக்கு மிகாமல்'தான். பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்களே என்று இரங்குகிறவர்கள் நிறையப் பேர். தலைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, மன்றத்தின் முன்னால் வைத்து, பொதுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க ஒரு வியாபாரி வேண்டியிருந்தது. அவர் நினைத்திருந்தால் தம் பெயரில் ஓர் அன்ன சத்திரம் கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் அது தருமம் ஆகியிருக்கும். இதுவோ மாநகராட்சியின் செலவுக் கணக்கில் ஒரு வரி.

பழைய பழக்கம், தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். முதலில் சாப்பிட்டவர்கள் 165 பிள்ளைகள். தலைக்கு ஒரு அணா என்றால் 165 அணா, பத்து ரூபாய் ஐந்து அணா. ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

அப்புறம் இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது போனது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811 பிள்ளைகள். 1924-25இல் 1,671. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு. நான் பார்த்த எந்த வியாபாரத்திலும் ஒரு அணாவுக்கு இப்படி ஒரு வரவு வந்ததில்லை.

1925இல் நிறுத்திவிட்டார்கள். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்றது வெள்ளைக்கார அரசாங்கம். எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்பதுதான் பிரச்சினை! வாழ்நாள் முழுக்கத் தலைப்புப் போட்டுக் கணக்கு எழுதிய எனக்கே ரத்தம் கொதிக்கிறது. அதே 1925இல் தியாகராயரும் காலமானார்.

ஜூலை 10, புதன்

காலையில் பேத்தியோடு பள்ளிக்குப் போனேன். காலை உணவுக்காகச் சமையல் கூடத்திலிருந்து வண்டியில் வந்த பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் ஆவியோடு நெய், மிளகு வாசனை. புதன் என்பதால் பொங்கல், சாம்பார். பரிமாறும் அம்மா ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தட்டில் வைத்தார். பேத்தி மிளகை எல்லாம் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கினாள், வீட்டில் செய்வதைப் போலவே. மகள் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். இந்தத் தட்டு இல்லையென்றால் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும்.

நான் படித்தபோது மதியம் மஞ்சள் மாவு உப்புமா, பவுடர் பால். வரிசையில் நிற்கும்போது வெயில் சுடும். அந்த உப்புமாவுக்காகவே பள்ளிக்குப் போன நாட்கள் உண்டு. சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எட்டாவது வரை படித்ததால்தான் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது.

ஜூலை 12, வெள்ளி

பெரியவரைப் பற்றி எழுதுகிறேன் என்பதற்காக எல்லாமே ஒளி என்று எழுதக் கூடாது. 1916இல் நீதிக்கட்சியைத் தொடங்க அவரும் டாக்டர் டி.எம். நாயரும் கைகோத்தார்கள். அதற்கு முன் மாநகராட்சியில் எதிரும் புதிருமாக இருந்த இருவரையும் சேர்த்துவைத்தவர் டாக்டர் நடேசனார். பிராமணரல்லாதார் அறிக்கை தியாகராயர் பெயரில் வந்தது. படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்ட அந்தக் குரலால்தான் என் போன்றவர்கள் வீட்டுக்கு வெளிச்சம் வந்தது. ஆனால் 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் வந்தபோது, கட்சி ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். படிக்கும்போது மனசு கனத்தது. ஆயிரம்விளக்கில் பிள்ளைகளின் பசி தெரிந்தவர்களுக்குப் புளியந்தோப்பின் வலி தெரியாமல் போனது எப்படி என்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஒத்திகை. நான்கு நிமிடம் ஆகிறது. வர்த்தக சபையை எடுத்துவிட்டோம். "ஒரு அணான்னா எவ்வளவு தாத்தா?" என்று கேட்டாள். பதினாறு அணா ஒரு ரூபாய் என்று சொன்னால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அலமாரியில் இருந்த பழைய மரப்பெட்டியைத் திறந்து தேடினேன். இருந்தது. ஓரம் பூ இதழ் மாதிரி வளைந்து வளைந்து இருக்கும் ஒரு அணாக் காசு, ஆறாம் ஜார்ஜ் தலை. புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 15, திங்கள்

கிராமப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் இன்று முதல் காலை உணவு. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் முதல்வர் தொடங்கிவைத்ததை டிவியில் பார்த்தேன்.

மாலை பேத்தி வந்தாள். வெள்ளுடையைப் பற்றிச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்களாம். வருஷத்தை மட்டும் ஒரு இடத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாளாம். காசைக் கேட்டேன்.

"பொங்கல் போடற அக்கா வாங்கிக்கிட்டாங்க தாத்தா. அவங்க வீட்டில காட்டணுமாம். நாளைக்குக் குடுத்துடுவாங்க."