கோல்ஃப் விதிகளோடு மூன்று மாதம்

மொத்தம் 25 விதிகள்தானே, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். 2019-இல் 34 விதிகளை 24 ஆகச் சுருக்கினார்கள். 2023-இல் மாற்றுத்திறனாளி வீரர்களுக்கான விதியும் சேர்ந்து 25 ஆனது. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் இத்தனை குட்டி விதிகள் இருக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பல வருடமாக விளையாடுகிறேன். ஆட்டத்தில் தகராறு வந்தால் யார் குரல் பெரிதோ அவர் சொல்வதே தீர்ப்பு. அந்தக் குரல் பெரும்பாலும் என்னுடையதுதான். ரெஃபரி ஆகலாம் என்று படிக்க உட்கார்ந்த பிறகு, எத்தனை பேருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

முதல் மாதம் வீண். முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம் மாதிரி படித்தேன், எதுவும் நிற்கவில்லை. கடைசியில் இருக்கும் சொல் விளக்கங்களை முதலில் படித்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு, பந்து காணவில்லை, பக்கத்தில் குளம். “தண்ணீரில்தான் விழுந்திருக்கும்” என்று ஆட்டக்காரர் சொன்னால் போதாது. குறைந்தது 95 சதவீதம் அப்படித்தான் என்று சொல்ல ஆதாரம் வேண்டும். இல்லையென்றால் அது தொலைந்த பந்து. ஒரு ஸ்ட்ரோக் (கணக்கில் கூடும் ஒரு அடி) அபராதத்தோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும்.

இரண்டாம் மாதம் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, அதை மைதானத்தில் கோல்ஃப் வண்டி போகும் பாதையாக வைத்துக்கொண்டேன். பந்து நட்டநடுவில். பாதையிலிருந்து அபராதமில்லாமல் விலகலாம், ஆனால் அருகிலுள்ள இடத்துக்குத்தான். அது எந்தப் பக்கம்? நான் வலக்கைக்காரன், அடிக்கும் திசையைப் பார்த்தால் பந்துக்கு இடது பக்கம் நிற்பேன். இடது பக்கம் போனால் பந்து கோட்டைத் தாண்டினால் போதும், கால் தானாகவே வெளியே இருக்கும். வலது பக்கம் போனால் காலும் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதால் பந்து இன்னும் தள்ளிப் போகிறது. ஆக, இடதுதான் அருகிலுள்ள இடம். அங்கே புதர் இருந்தாலும் அதுதான். அதனால் பந்தை எடுப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். எடுத்த பிறகு மனம் மாறி பழைய இடத்திலேயே வைத்தால் ஒரு ஸ்ட்ரோக் போகும். இதை எத்தனை முறை படித்தும் ஏறவில்லை. கோட்டின் மேல் நின்று பார்த்ததும் ஒரே நிமிடத்தில் புரிந்தது.

மூன்றாம் மாதம் மாதிரித் தேர்வுகள். என்னைக் கவிழ்த்தது காற்று. புட்டிங் கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில், நிற்கும் பந்தைக் காற்று நகர்த்துகிறது. இன்னும் யாரும் எடுக்காத பந்து என்றால், நகர்ந்து நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும். இருந்த இடத்தை அடையாளமிட்டு, எடுத்துத் திரும்ப வைத்த பந்து என்றால், பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். அதே காற்று, அதே கிரீன், விடை இரண்டு. முதல் தடவை தப்பாக எழுதினேன். இரண்டாம் தடவையும் தப்பு, அவசரத்தில் “எடுத்து வைத்த” என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. இப்போது எந்தக் கேள்வி வந்தாலும் பந்து எங்கே இருந்தது, அதற்கு முன் யார் தொட்டார்கள் என்று ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் விடைக்குப் போகிறேன்.

அடுத்து, கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் முதல் நிலைத் தேர்வு. அதற்குள் தற்காலிகப் பந்து விதியை, அதாவது முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்றால் நேரம் மிச்சமாக முன்கூட்டியே அடித்து வைக்கும் பந்தின் விதியை, இன்னொரு முறை பார்க்க வேண்டும். “இன்னொன்று அடிக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடித்தால் அது தற்காலிகப் பந்தே இல்லையாம். முதல் பந்து கிடைத்தாலும் செல்லாது. நான் இத்தனை வருடமாகச் சொன்னது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.