கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு திறக்காத என்கிரிப்ட் டிஸ்க்: மூன்று நாள் அனுபவம்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டில் பஞ்சிங் வேலை (படத்தை மெஷின் தைக்கும் டிசைன் ஃபைலாக மாற்றுவது) பார்க்கிறேன். டிசைன் ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் மெஷினில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. இன்னும் கடைக்கே வராத பையர் லோகோக்கள் இருப்பதால், பூட் பார்ட்டிஷன் தவிர டிஸ்க் முழுவதையும், பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் லக்ஸ் முறையில் என்கிரிப்ட் செய்து வைத்திருக்கிறோம். போன ஆடியில், லினக்ஸின் மையப் புரோகிராமான கெர்னலின் அப்டேட் பாதி ஓடும்போது கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ் பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மறுபடி ஆன் செய்தால் பாஸ்வேர்டே கேட்கவில்லை. சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதியை மவுண்ட் செய்ய (திறந்து இணைக்க) முடியவில்லை என்று கெர்னல் பேனிக் காட்டி அப்படியே நின்றுவிட்டது.

பூட்டைத் திறக்கும் புரோகிராம், பூட்டிய டிஸ்க்குக்குள் இருக்காது. வெளியே, பூட்டாமல் விட்ட பூட் பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியில், இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஃபைலுக்குள் இருக்கும். கெர்னலுக்கு ஒன்று வீதம் தனித்தனி. புதியது அரைகுறையாக நின்றாலும் பழையதற்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று ஆன் செய்ததும் வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலை எடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்டது, ஏற்றுக்கொண்டது. அடுத்த நொடியே ஃபைல் சிஸ்டத்தில் பிழை, அதைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே புரோகிராமை நீங்களே ஓட்டுங்கள் என்று நின்றுவிட்டது.

“ஏந்தம்பி, டிசைனெல்லாம் போயிருச்சுங்களா?” ஓனர் அண்ணன் பின்னாலேயே நின்றார்.

“இல்லீங்ணா. பாஸ்வேர்டை ஏத்துக்கிச்சுன்னா பூட்டு நல்லா இருக்குதுங்க. உள்ளதான் ஏதோ கலைஞ்சிருக்குது.”

சமாதானத்துக்குச் சொன்னதில்லை. கொடுத்த பாஸ்வேர்டில் கிடைத்த சாவி சரிதானா என்று லக்ஸ், பூட்டிய பகுதியின் தொடக்கத்தில் சாவி விவரம் வைத்திருக்கும் தன் ஹெடரோடு ஒத்துப்பார்த்துத்தான் திறக்கும். ஆக ஹெடர் பிழைத்திருக்கிறது. கெட்டது அதற்கு மேலே, ஃபைல்களை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம்.

எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ போட்டு எஃப்எஸ்சிகே-வை ஓட்டிவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் வெறும் கரண்ட் கட் என்றால் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் எக்ஸ்ட்4-இன் ஜர்னலே பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். 2023 டிசம்பரில் 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 டேட்டாவைக் கெடுக்கும் பிழை வந்து, டெபியன் 12.3-ஐ நிறுத்திவைத்து 12.4 வெளியிட்டது நினைவுக்கு வந்தது. வெர்ஷனைப் பார்த்தேன், அது இல்லை. பிறகு டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தால் ‘பெண்டிங் செக்டார்’ (படிக்கத் திணறும் சிறு பகுதி) 24. டிஸ்க்கே தேய்ந்து கிடக்கிறது. அதன்மேல் எழுதி ரிப்பேர் செய்வது நோயாளியை ஓடச் சொல்வது மாதிரி.

காந்திபுரம் போய்ப் புது டிஸ்க் வாங்கிவந்து, பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் மெஷினை ஆன் செய்து, கெட்ட டிஸ்க்கிலிருந்து படிக்க முடிந்ததையெல்லாம் எடுக்கும் டிடிரெஸ்க்யூ-வால் பழையதை அப்படியே நகல் எடுத்தேன். நகலெடுக்கப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. விடியும்போது சில செக்டார்கள் மட்டும் படிக்கவே முடியாமல் நின்றன. என்கிரிப்ட் டிஸ்க்கில் ஒரு செக்டார் போனால் மொத்தமும் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். லக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்டிஎஸ் முறையில் செக்டார்கள் தனித்தனியாக என்கிரிப்ட் ஆவதால் போவது அந்தச் செக்டார் மட்டும்தான். ஹெடர் போனால்தான் எல்லாமே போகும். அதனால் வேறெதையும் தொடும் முன் லக்ஸ் ஹெடர் பேக்கப் எடுத்துத் தனிப் பென்டிரைவில் வைத்தேன்.

நகலில், முதலில் எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் ‘மைனஸ் என்’ போட்டு எஃப்எஸ்சிகே. பிறகுதான் நிஜ ரிப்பேர். முடிந்தபோது டிசைன் ஃபோல்டரில் ஒரு பகுதியைக் காணோம். இடம் தெரியாத ஃபைல்களை எஃப்எஸ்சிகே போட்டுவைக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு ஃபைல்கள் குவிந்திருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் ‘எல்ஏ:’, அதை ஒட்டி டிசைன் பெயர். எம்பிராய்டரி மெஷின் படிக்கும் டிஎஸ்டி ஃபைலின் முதல் 512 பைட்டில் பெயர், தையல் எண்ணிக்கை, நிற மாற்றம் எல்லாம் படிக்கிற எழுத்தாகவே இருக்கும். அதை வைத்தே சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த நிமிடம் கண் கலங்கியது உண்மை.

அடுத்து, சிஹெச்ரூட் செய்து (லைவிலிருந்தே நகலில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து) இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதிதாக உருவாக்க வேண்டும். இங்கேதான் அரை நாள் போனது. லைவில் டிஸ்க்கைத் திறக்கும்போது வாய்க்கு வந்த பெயரைக் கொடுத்திருந்தேன். எந்த டிஸ்க்கை எந்தப் பெயரில் திறப்பது என்று சொல்லும் கிரிப்ட்டேப் ஃபைலில் இருக்கும் அதே பெயரில் திறந்திருக்க வேண்டும். பெயர் ஒத்துப்போகாததால் திறக்கும் விவரம் உள்ளே சேரவேயில்லை. மூடி, சரியான பெயரில் திறந்து மறுபடி ஓட்டியதும் புதுக் கெர்னல் பாஸ்வேர்ட் கேட்டது. நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே யூயூஐடி (அடையாள எண்) என்பதால் குழப்பம் வராமலிருக்கப் பழைய டிஸ்க்கின் கேபிளை முன்னாடியே கழற்றிவிட்டேன்.

இரண்டு டிசைன் மட்டும் கிடைக்கவில்லை. சாம்பிள் துணியை ஸ்கேன் செய்து அன்று ராத்திரியே மறுபடி பஞ்சிங் போட்டுக் கொடுத்தேன். ஹெடர் பேக்கப் பென்டிரைவ் இப்போது அண்ணன் வீட்டு பீரோவில் இருக்கிறது.