நட்சத்திரக் குறி போட்ட உறுப்பினர்கள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றின் பழைய பங்குக் கணக்கு கைக்கு வந்தது. வெள்ளை நிற சிபியு ஒன்று, ரப்பர் பேண்டு போட்ட ஃப்ளாப்பிகள் கொஞ்சம். மென்பொருள் செய்து கொடுத்தவர் தொழிலை விட்டே போய்விட்டாராம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி முழுசாக ஒரு நகல் எடுத்தாயிற்று. இனி வேலையெல்லாம் நகலில்தான். உள்ளே இருப்பவை டி.பி.எஃப் கோப்புகள், அதாவது ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் அட்டவணைகள்: சில டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ 2.6, சில விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ. மைக்ரோசாஃப்ட் இதற்கான ஆதரவை 2015 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது.

மார்ச் 5

பங்குக் கோப்பு திறக்க மறுக்கிறது. கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தேன். டி.பி.எஃப்பில் எனக்குப் பிடித்ததே இதுதான், ஒளிவுமறைவு கிடையாது. முதல் பைட் எந்த வகைக் கோப்பு என்று சொல்லும், அடுத்த மூன்றும் கடைசியாகத் திருத்திய தேதி, அதற்கடுத்த நான்கும் பதிவுகளின் எண்ணிக்கை. அங்கே 36 07 00 00 என்று இருக்கிறது. இவை பதினாறடிமான எண்கள், பின்னாலிருந்து படித்தால் 1,846. ஆனால் கோப்பின் அளவில் முன்னால் இருக்கும் 321 பைட் தலைப்புப் பகுதியைக் கழித்து, பதிவின் நீளமான 96ஆல் வகுத்தால் 1,863 வருகிறது. கரண்ட் போன நேரத்தில் பதிவுகள் வட்டில் ஏறிவிட்டன, எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை போல. 36ஐ 47 ஆக்கினேன். ஒரே ஒரு பைட்! கோப்பு திறந்துகொண்டது. அந்தப் பதினேழு பேரும் ஒழுங்காக இருக்கிறார்கள்.

மார்ச் 7

தேதிகள். 1901இல் பங்குத் தொகை கட்டியவர்கள் இருக்கிறார்கள்! கோப்புக்குள் ஆண்டு நான்கு இலக்கத்தில்தான் பதிவாகும். திரையில் இரண்டு இலக்கம் மட்டும் தட்டினால் பழைய ஃபாக்ஸ்ப்ரோ முன்னால் 19 போட்டுக்கொள்ளும். ரசீது எண் வரிசையோடு ஒப்பிட்டுத்தான் திருத்தினேன், கண்ணை மூடிக்கொண்டு நூறு கூட்டவில்லை. பிறந்த தேதிப் புலத்தில் 1901 உண்மையாகவே இருக்கலாமே.

மார்ச் 10

தமிழ்ப் பெயர்கள். பிந்தைய கோப்பில் எல்லாம் டாப் (TAB) எழுத்துருவில். 1999 சென்னை தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற எழுத்துக் குறியீட்டுத் தரம், 2010இல் யூனிகோடுக்கு மாறிவிட்டார்கள். எழுத்தை எழுத்தாக மாற்றினால் போதாது. பழைய குறியீட்டில் கண்ணில் படும் வரிசைதான். 'கோவிந்தம்மாள்' என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வர வேண்டும், கொம்பும் காலும் சேர்ந்து அதன்பின் ஒரே குறியாக. இதைச் சரிசெய்யாமல் விட்டால் அச்சில் ஒப்பேற்றிவிடலாம், தேடினால் கோவிந்தம்மாள் கிடைக்க மாட்டார்.

மார்ச் 12

டி.பி.எஃப்பில் பதிவை அழித்தால் போய்விடாது. பதிவின் முதல் பைட்டில், வெற்றிடம் இருந்த இடத்தில், ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். 'பேக்' கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே அழியும். இங்கே யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை, நிறைய நட்சத்திரங்கள். செயலாளர், "அதெல்லாம் வேண்டாம் சார், விட்டுடுங்க" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓய்வுபெற்ற எழுத்தருக்குப் போன் போட்டேன்.

"ஐயா, நட்சத்திரம் போட்டவங்க எல்லாம் விலகினவங்களா?"

"எல்லாரும் இல்ல தம்பி. ரெண்டு தடவை ஏறின பேர் கொஞ்சம். இறந்துபோனவங்க கொஞ்சம். அதுல பங்கை வாரிசு வந்து வாங்கிக்காததும் இருக்கும். குறிப்புல எழுதியிருப்பேனே."

எழுதித்தான் இருக்கிறார். குறிப்புகள் தனியாக எஃப்.பி.டி கோப்பில். பதிவில் இருப்பது தொகுதி எண் மட்டுமே. அந்த எண்ணைப் பிடித்துப் போனால், 'மகன் திருப்பூரில், கடிதம் போட்டது' என்று ஒன்று.

மார்ச் 14

ஒப்படைத்தாயிற்று. நட்சத்திரப் பதிவுகளும் உள்ளேயே இருக்கின்றன, 'நீக்கியது' என்று தனி நெடுவரிசையோடு. வாரிசு வராத பங்குகளுக்குத் தனிப் பட்டியல் எடுத்துக் கொடுத்தேன். செயலாளர் அதைக் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, எக்செல்லிலும் ஒரு பிரதி கேட்டார். உறுப்பினர் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எக்செல் விழுங்கிவிடும், அந்த நெடுவரிசையை மட்டும் எழுத்து வடிவமாக வைத்து அனுப்பினேன்.